செட்டிநாட்டு வீடுகள் சில நிற்கின்றன, சில விழுகின்றன: ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில் உங்கள் ஐயா காலத்து வீட்டில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அப்பத்தா போனபிறகு வீடு பூட்டியே கிடக்கிறது. அதே தெருவில் ஒரு வீடு ஹோட்டலாகி மின்னுகிறது. இன்னொரு வீட்டில் நிலைக்கதவு இருந்த இடம் வெறும் ஓட்டையாக நிற்கிறது. ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டிய வீடுகள் இப்படி ஆனது ஏன்? அரசோ யுனெஸ்கோவோ எடுத்துப் பாதுகாக்காதா? இடிந்த வீடுகளின் சாமான் எங்கே போகிறது? உங்களால் ஆகக்கூடியது என்ன? இவைதான் உங்கள் கேள்விகள்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில் ஒரே சொல்தான்: தண்ணீர். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தண்ணீரை மனதில் வைத்துத்தான் கட்டினார்கள். விழுகிற வீடுகளும் தண்ணீரால்தான் விழுகின்றன. பணம், பங்காளிகள், அரசு எல்லாமே அந்தத் தண்ணீரை யார் கவனிப்பது என்ற கேள்விக்குள் அடங்கிவிடும்.

செட்டிநாடு என்றதும் பலருக்கு அந்த ஊர்ச் சாப்பாடும், கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏறக்குறைய 1,550 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிற ஊர்க்கூட்டம். இந்த வீடுகளைக் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை நகரத்தார் என்பார்கள். அவர்கள் கணக்கில் முன்பு 96 ஊர், இன்று எழுபத்துச் சொச்சம். காரைக்குடியையும் தேவகோட்டையையும் நகரம் என்று சொல்லலாம். மற்றதெல்லாம் கிராமங்கள்தான். செம்மண், செம்பாறை, கருவேலங்காடு, அங்கங்கே கண்மாய். வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கொடுப்பதை வருடம் முழுவதும் வைத்துக் காப்பாற்ற வேண்டிய பூமி.

இப்படிப்பட்ட இடத்தில் நூல் பிடித்த மாதிரி நேரான தெருக்களைப் போட்டு, ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடுகளைக் கட்டினார்கள். பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீளும். முன்வாசலில் நின்று பார்த்தால் வாசல் வாசலாகத் தாண்டிப் பின்தெரு வெளிச்சம் தெரியும். எல்லோரும் இந்த அழகைப் படம் எடுப்பார்கள். நான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது, அதே இடத்தில் நின்று கீழே தரையைப் பாருங்கள் என்று. வீடு தெருவிலிருந்து சில அடி உயரத்தில் இருக்கும். தரை எங்கே சாய்கிறது, முற்றத்தில் எந்த மூலையில் துவாரம் இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்த்துவிட்டால் வீடு பிடிபட்டுவிடும்.

மழைத்தண்ணீரின் வழி இதுதான். வளவு என்பது நடுவில் முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமுமாக இருக்கிற உள்கட்டு. அதற்கு நாலு பக்கமும் ஓட்டுக் கூரை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கூரையில் விழுகிற தண்ணீர் முற்றத்தில் இறங்கும். முதல் மழை ஓட்டுத் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த மழைக்குத் தாழ்வாரத்து ஓரத்தில் அண்டாவும் குடமும் வைப்பார்கள். மிச்சம் முற்றத்து மூலைத் துவாரத்தில் இறங்கி, தரைக்கடியில் ஓடும் வடிகால் வழியாகக் கிணற்றுப் பக்கமோ தெருவுக்கோ போகும். தெருவும் சாய்வாகத்தான் இருக்கும். தெருத் தண்ணீர் வாய்க்காலில் சேர்ந்து குளத்துக்கும், ஊருணிக்கான தண்ணீர் அதற்கென்று விட்ட வரத்துக்கால் வழியாக ஊருணிக்கும் போய்ச் சேரும். செம்பாறைக் கல்லால் படி கட்டிய அந்த ஊருணிகள் குடிக்க மட்டும்தான். அதில் கால் நனைக்கவும் விடமாட்டார்கள். குளிக்க வேறு குளம், மாட்டுக்கு வேறு குளம். ஊருணி நிறைந்து நின்றால் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளிலும் தண்ணீர் ஊறும்.

அதனால்தான் ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றிவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்கு முழுச் சந்தோஷம் வருவதில்லை. வரத்துக்காலில் கட்டடம் எழும்பி, தெருவைக் காங்கிரீட் போட்டு உயர்த்தி, ஊருணியில் குப்பை கொட்டிவிட்டால், நடுவில் நிற்கிற வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த மழையில் அந்தத் தண்ணீர் திரும்பி வடிகால் வழியாக உள்ளே வரும். இப்படி ஏறிவந்த தண்ணீரை நான் வளவுக்குள் பார்த்திருக்கிறேன். தெருமட்டம் ஏறிவிட்டது, வீட்டு மட்டம் அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

இனிக் கூரை. உங்கள் வீட்டுக்கு வருகிற முதல் ஆபத்து இங்கேதான். பழைய வீடுகளில் இருப்பது குயவர் சக்கரத்தில் வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்ட நாட்டு ஓடு, அரைவட்டமாக இருக்கும். ஒரு வரிசையை மல்லாக்க வைத்து, அடுத்ததை அதன்மேல் கவிழ்த்து, அதற்குமேல் இன்னும் ஓர் அடுக்கு என்று மேய்ந்திருப்பார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. ஒன்றின் பாரத்தில் இன்னொன்று நிற்கிறது. அடுக்குக்கு நடுவில் காற்று இருப்பதால் சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமையாக இருக்கிறது. ஆணி இல்லாததால் நகரவும் செய்யும். மயில் ஏறும், குரங்கு தாவும், பக்கத்து வேப்பமரத்துக் கிளை விழும். ஓர் ஓடு விலகினால் அங்கே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். வீட்டில் ஆள் இருந்தால் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள். பூட்டிய வீட்டில் அந்தப் பொட்டை யார் பார்ப்பது?

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கூரையில் இரண்டு சாய்வு சேருகிற இடத்துக்குக் கூடுவாய் என்று பெயர். இரண்டு பக்கத் தண்ணீரும் அங்கேதான் ஓடும், சருகும் அங்கேதான் தங்கும். அந்த வீட்டில் கூடுவாய் ஓரத்தில் இரண்டு ஓடு உடைந்திருந்தது. நான் முதலில் பார்த்தபோது சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை, அவ்வளவுதான். அடுத்த இரண்டு மழைக்காலத்தில் ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் கட்டைகள் மக்கி, மேலே இருந்த ஓடுகள் வரிசையாகச் சரிந்தன. ஓட்டை பெரிதானதும், ரீப்பருக்கு அடியில் சாய்வாகப் போட்ட கைமரத்தின் நுனி நனைய ஆரம்பித்தது. சுவருக்குள் பதிந்திருக்கிற உத்தரத்தின் முனை ஈரத்தில் இருந்தால் கரையானுக்கு விருந்து. பர்மா தேக்கு கரையானுக்கு லேசில் மசியாது. ஆனால் மேலே போட்ட கட்டைகள் எல்லாமே தேக்கு இல்லை, அடங்காத ஈரத்தில் தேக்கும் கடைசியில் மக்கத்தான் செய்யும். இதற்குள் சுவரின் தலையில் அரசங்கன்று முளைத்து, வேர் செங்கல்லுக்கு நடுவில் இறங்கிவிட்டது. ஏழாவது வருடம் வளவின் ஒரு பக்கம் முழுதாக உள்ளே விழுந்தது. பங்காளிகள் வந்து பார்த்து, இவ்வளவு பெரிய செலவு நம்மால் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை, அந்த நிலையில் அது பெரிய செலவுதான். இரண்டு ஓடு உடைந்தபோது அது ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலி.

ஓடு பிரித்து மேய்கிற வேலையை நீங்கள் ஒரு தடவையாவது கூட இருந்து பார்க்க வேண்டும். பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில், மழை இல்லாத நாளாகப் பார்த்து ஆரம்பிப்பார்கள். முகட்டில் ஒருவர், சரிவில் இருவர், கீழே இருவர். முகட்டு ஓட்டிலிருந்து பிரித்து, கை மாற்றிக் கை மாற்றிக் கீழே இறக்குவார்கள். கீழே இருப்பவர் ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் இந்தப் பக்கம், சத்தம் செத்திருந்தால் அந்தப் பக்கம். ஒரு நாளில் பல நூறு ஓடு அவர் கையில் போகும், எனக்குத் தெரிந்து அவர் தீர்ப்பு தப்பியதே இல்லை. ஓட்டுக்கடியில் பல வருடத் தூசி, அணில் கூடு, பழைய பட்டத்தின் வால், எல்லாம் கிடைக்கும். அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, ரீப்பரை உளியால் குத்திப் பார்த்து, மக்கியதை மாற்றி, மறுபடி கீழிருந்து மேலாக மேய்ந்து, முகட்டைச் சுண்ணாம்புக் காரையால் மூடுவார்கள். நன்றாக மேய்ந்த கூரை பல வருடம் நிற்கும், வருடம் ஒரு முறை ஏறிப் பார்த்து விலகியதைச் சரிசெய்துகொண்டே இருந்தால்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. கையால் நாட்டு ஓடு செய்பவர்கள் அருகிவிட்டார்கள். நாங்கள் இன்று ஒரு வீட்டுக்குப் போடுகிற ஓடு பெரும்பாலும் இடித்த இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. நிற்கிற வீட்டின் கூரையில் விழுந்த வீடு இருக்கிறது. எத்தனை நாளைக்கு இப்படி ஓட்ட முடியும்?

தரைக்குப் போடுகிற ஆத்தங்குடிக் கல்லுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அந்தத் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது, சென்னையிலும் பெங்களூரிலும் புதுவீடு கட்டுகிறவர்கள் வாங்குவதால். ஆத்தங்குடியில் ஏதாவது ஒரு பட்டறையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். ஒரு கண்ணாடிச் சில்லின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைக்கான அச்சை இறக்குவார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைக் கைநடுங்காமல் தூக்குவார்கள். அதன்மேல் உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, பிறகு கெட்டியான கலவையைப் போட்டு மட்டம் செய்து, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். சூளை கிடையாது. ஊறிக் காய்ந்தபிறகு கண்ணாடி தானாக விட்டுவிடும். கண்ணாடி தொட்டிருந்த பக்கம்தான் மேல்பக்கம், அந்த வழவழப்பு அப்படி வந்ததுதான். நடக்க நடக்க மெருகு ஏறும். பூட்டிய வீட்டில் மங்கிக்கொண்டே போகும்.

சரி, இவ்வளவு பெரிய வீடுகளை யார், எந்தப் பணத்தில் கட்டினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ஏன் கைவிட்டார்கள் என்பதும் புரியும். 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் போட்ட விவசாயிகளுக்குக் கடன் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவர்களில் முதல் வரிசை நகரத்தார். இலங்கை, மலேயா, சைகோன் என்று மற்ற ஊர்களிலும் கடை வைத்தார்கள். அந்த வட்டிப் பணம் பர்மா தேக்காகவும், இத்தாலிப் பளிங்காகவும், பெல்ஜியம் கண்ணாடியாகவும், இங்கிலாந்து, ஜப்பான் ஓடுகளாகவும் கப்பல் ஏறி வந்தது. 1850-க்குப் பிறகு கட்டிய வீடுகள் மரத்தூணும் ஓட்டுக் கூரையுமாக இருக்கும். 1900-க்குப் பிறகு கருங்கல் தூணும் பெரிய கூடங்களும் மாடியும் வந்தன. 1930-களில் கட்டியவற்றில் காங்கிரீட்டும், பம்பாயில் அப்போது வழக்கத்தில் இருந்த ஆர்ட் டெகோ பாணியும் தெரியும். காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு என்று காட்டுவார்களே, அது 1941-ல் கட்டியது, அந்தக் காலத்தின் கடைசி வீடுகளில் ஒன்று.

பர்மாக்காரர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1930-ல் உலகச் சந்தையில் நெல் விலை விழுந்தபோது, கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1938-க்குள் அது 25 ஆனது. நிலம் போனவர்களின் கோபம் நியாயமானது. நாம் தடவிப் பார்க்கிற தேக்குத் தூணில் அவர்கள் பட்ட பாடும் இருக்கிறது. வீட்டின் வரலாற்றைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். தூணை இழைத்த ஆசாரிகள், சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்த பெண்கள், ஓடு வனைந்த வேளார்கள் பெயரும் எந்த வாசலிலும் எழுதியிருக்காது.

1942-ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தது. கடையைப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்களில் பலர் நடந்தே இந்தியா வந்தார்கள். பர்மா விடுதலை அடைந்தபின் நிலச் சட்டங்கள் வந்தன. 1960-களில் ஜெனரல் நே வின் ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமை ஆக்கி, மிச்சம் இருந்தவர்களையும் திருப்பி அனுப்பியது. வருமானம் நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்.

ஆனால் பங்கு போகவில்லை. வளவின் இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள் இருக்குமே, அவை படுக்கை அறைகள் இல்லை. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் அவரவர் சாமான் வைக்க ஓர் அறை, தனி அடுப்பு. வளவு எல்லோருக்கும் பொது. கட்டியவருக்கு நாலு மகன் என்றால் நாலு பங்கு. நாலு தலைமுறையில் அது நாற்பதைத் தாண்டிவிடும். 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுவதும் மகள்களுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தது. அது நியாயம், ரொம்பத் தாமதமாக வந்த நியாயம். அதனால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பதும் உண்மை. நாற்பது பேரில் ஒருவர் ஒப்பவில்லை என்றால் வீட்டை முழுதாக விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. இந்தச் சிக்கலே பல வீடுகளை விற்பனையிலிருந்து காப்பாற்றியும் இருக்கிறது, அதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிற்கிற வீடுகளைப் பாருங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கும். அங்கே படைப்பு நடக்கும். முன்னோர்களுக்குப் புடவை, வேட்டி வைத்துக் கும்பிட எல்லாப் பங்காளிகளும் வந்தே ஆகவேண்டும். கல்யாணமும் அறுபதாம் கல்யாணமும் அந்த வளவில்தான் என்று வைத்திருப்பார்கள். நூறு பேர் வருகிற நாள் ஒன்று இருந்தால், அதற்கு முன்னால் ஒருவர் கூரை ஏறியே தீரவேண்டும். வடிகாலைக் குத்திவிட்டே தீரவேண்டும். படைப்பு நின்றுபோன வீட்டில் பத்து வருடத்துக்குள் கூரை ஒழுகுவதைப் பார்க்கிறேன்.

இடிந்த வீடுகளின் சாமான் எங்கே போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பாருங்கள். நிலைக்கதவு, தூண், எனாமல் கேரியர், ரவிவர்மா படம், கல்லாப்பெட்டி எல்லாம் அங்கே இருக்கும். அந்த வியாபாரிகளை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் எடுக்காவிட்டால் பாதி விறகாகியிருக்கும். ஆனால் கஜலட்சுமி செதுக்கிய ஒரு நிலையை வீட்டிலிருந்து பிடுங்குகிறபோது, அதன்மேல் உட்கார்ந்திருந்த சுவருக்குத் தாங்கல் போய்விடுகிறது. கதவை விற்ற வீடு சீக்கிரம் விழுவதற்குக் காரணம் இதுதான்.

அரசைப் பற்றிக் கேட்டீர்கள். நினைவுச்சின்னமாக அறிவிக்கலாமே என்று பலர் சொல்கிறார்கள். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஓர் இடம் வந்தால், 2010-ல் திருத்திய சட்டப்படி சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்ட முடியாது. கோவிலுக்கும் கோட்டைக்கும் அது பொருந்தும். ஜனங்கள் குடியிருக்கிற தெருவில் அதைப் போட்டால், பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டைப் பழுதுபார்க்கக்கூட டெல்லி வரைக்கும் மனு போட வேண்டியிருக்கும். அப்புறம் ஊரே பழைய வீட்டுக்கு விரோதி ஆகிவிடும். மாநிலத்தில் 2012-ல் மரபு ஆணையத்துக்கான சட்டம் நிறைவேறியது. தனியார் கையில் இருக்கிற மரபுக் கட்டடங்களைப் பற்றிப் பேச இதுதான் சரியான வாசல் என்று நினைக்கிறேன். ஆனால் ஓடு பிரிக்கிற கூலியை அந்தச் சட்டம் கொடுத்துவிடாது.

யுனெஸ்கோ விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. செட்டிநாடு உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிடவில்லை. தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் என்ற பேரில் 2014-ல் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அது பின்னாளில் முன்மொழிய நினைக்கிற இடங்களை ஒரு நாடு தானே எழுதி வைக்கிற பட்டியல். பட்டியலில் தனி வீடுகளாக இல்லாமல் ஊர்த்தொகுதிகளாகப் பேர் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நாளைக்கு முழு அங்கீகாரமே கிடைத்தாலும் உங்கள் வீட்டுக் கூடுவாயைச் சரிசெய்ய யுனெஸ்கோவின் பாரிஸ் தலைமையகத்திலிருந்து யாரும் வரப்போவதில்லை.

கிராமத்தை முழுதாகக் காப்பாற்றுவது எப்படி என்று தேடினால் எனக்கு ஜப்பானின் ஷிரகவாகோ நினைவுக்கு வரும். கூப்பிய கைகளைப் போல செங்குத்தாக நிற்கிற புல்கூரை வீடுகள் இருக்கிற மலையூர். அங்கே ஒகிமாச்சி கிராமத்து ஜனங்கள் 1971-ல் ஒன்றுகூடி, விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தங்களுக்குள் முடிவு எடுத்தார்கள். 1975-ல் ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, தனிக் கட்டடத்தை விட்டுக் குடியிருப்பு முழுவதையும் ஒரே பகுதியாகப் பாதுகாக்க வழி செய்தது. 1976-ல் ஒகிமாச்சி அதற்குள் வந்தது. வெளிப்பக்கப் பழுதுக்கு அரசு மானியம் தருகிறது. 1995-ல்தான் யுனெஸ்கோ வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஊர், பிறகு சட்டம், கடைசியில் பெயர். அங்கேயும் ஒரு வீட்டுக்குப் புல் மேய்கிற நாளில் ஊரே கூரை ஏறும்.

நம் ஊரில் அந்த இடத்தை இப்போது ஓரளவு ஹோட்டல்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் எல்லாம் அப்படி நிற்கிற வீடுகள். நல்ல வேலை செய்திருக்கிறார்கள், ஊரில் நாலு பேருக்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீடும் ஹோட்டல் ஆகமுடியாது, அவ்வளவு விருந்தாளி வரமாட்டார்கள். சுண்ணாம்புச் சுவருக்குள் பத்துப் பன்னிரண்டு குளியலறையை நுழைப்பதும் லேசான காரியம் இல்லை. குழாய் ஒன்று உள்ளுக்குள் கசிந்தால் சுவர் அடிவரைக்கும் ஈரம் இறங்கும். பார்த்துச் செய்கிறவர்கள் குளியலறைகளைப் பின்கட்டில் தனியாக வைக்கிறார்கள்.

ஈரம் என்றதும் சிமென்ட் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. சுவரின் மேல்பூச்சு சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து, பல பூச்சாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து எடுத்தது. தொட்டால் கன்னத்தைத் தொடுவது போல இருக்கும். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். கீழே கொஞ்சம் உதிர்ந்தால் உடனே சிமென்ட் பூசிவிடுகிறார்கள். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாமல், சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேலே ஏறி அங்கே பொரிந்து கொட்டும். அதற்குமேல் இன்னும் ரெண்டடி சிமென்ட். இப்படி ஜன்னல் வரைக்கும் ஏறிய வீடுகள் எத்தனையோ. உங்கள் வீட்டில் சிமென்ட் மூட்டையோடு யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள், சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை உதிர்ந்தது உதிர்ந்தபடியே இருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது. 1930-களின் காங்கிரீட் மாடிகள் வேறு மாதிரி. அவற்றில் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துப் பருத்து, கூரையைப் பிளக்கும். அதற்கு ஒரு பொறியாளர் வந்து பார்த்தாக வேண்டும்.

இனி உங்களால் ஆகக்கூடியது. வீட்டை என்ன செய்வது என்ற பெரிய பேச்சை இப்போது எடுக்காதீர்கள். எடுத்தால் நாற்பது கருத்து வரும், கூரை அதுவரை காத்திருக்காது. கூரையைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு பொதுக்கணக்கு போடுவோம் என்று சொல்லுங்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று வைத்து, இதனால் யாருடைய பங்குக்கும் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சண்டை பெரும்பாலும் பணத்தால் வருவதில்லை, செலவு செய்தவர் நாளைக்கு வீட்டையே உரிமை கொண்டாடுவாரோ என்ற பயத்தால் வருகிறது. அந்த ஒரு வரி அதைத் தீர்த்துவிடும். குடும்பத்தில் மூத்த ஆச்சி யாராவது இருந்தால் இப்போதே போய் உட்கார்ந்து, எந்த அறை யாருடையது, யார் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எழுதி வாங்குங்கள். அவர்களுக்குப் பிறகு அதை எந்தப் பதிவு அலுவலகத்திலும் தேடிப் பிடிக்க முடியாது.

உள்ளூரில் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு முறை கதவு ஜன்னலைத் திறந்து விளக்கேற்றச் சொல்லுங்கள். அவருக்கு மரியாதையான சம்பளம் கொடுங்கள். இன்று நிற்கிற வீடுகளில் பாதி, சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிற ஒரு பெரியவராலோ ஓர் அம்மாவாலோதான் நிற்கிறது. பெட்டகத்தில் இருக்கிற காகிதத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கணக்குப் பேரேடு, ரங்கூனிலிருந்து வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரலாறு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் துண்டுக் காகிதங்களும்தான், 1992-ல் அவர் மறைந்தபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக ஆயின. உங்கள் காகிதங்களையும் அங்கே காட்டலாம்.

இந்த வருடப் படைப்புக்குப் போகும்போது ஊருணிப் பக்கமும் நடந்து, வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று பார்த்து ஊராட்சியில் சொல்லிவிட்டு வாருங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஆளை ஏற்றிக் கூடுவாயில் இருக்கிற சருகை வாரச் சொல்லுங்கள். அப்புறம் நல்ல மழை பிடித்த ஒரு நாளில் நீங்களே போய் வளவில் உட்காருங்கள். எங்கெங்கே சொட்டுகிறதோ அங்கெல்லாம் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு, படம் எடுத்து வையுங்கள். பங்குனியில் ஓடு பிரிக்க வருகிறவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால் போதும், எங்கே ஏணி போடுவது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.